தமிழ்த் தியாகையர் பாபநாசம் சிவன்

வேலை முடிந்து டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்? தமிழ்ப் பேசும் படங்களின் ஆரம்ப காலத்தில், சென்னையில் ஸ்டூடியோக்கள் குறைவாக இருந்தபோது, தமிழ் நடிகர்களும் பாடகர்களும் ரயிலேறி வந்து தங்கிய இடம் இந்த டாலிகஞ்ச்தான். எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1937-ல் வெளிவந்த 'அம்பிகாபதி' படம் இங்கிருந்த ஈஸ்ட் இந்தியா பிலிம் கம்பெனி ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. அதை இயக்கிய எல்லிஸ் டங்கன் தமிழ் தெரியாத அமெரிக்கர். படத்தின் பாட்டுகளை இயற்றியவர் பாபநாசம் சிவன்.

அந்தச் சிவனுடைய வாழ்க்கை, வெளியூரில் பிழைக்க வந்திருக்கும் நாம் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

தாயுடன் மலையாள நாட்டுக்கு

பழைய தஞ்சை ஜில்லாவில் போலகம் என்ற கிராமத்தில் 1890-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராமையா. தந்தை ராமாமிர்த ஐயர், தாய் யோகாம்பாள். ஏழு வயதில் தந்தையை இழந்தார். கையில் காசில்லாத தாய், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு 1899-ல் திருவனந்தபுரத்திலிருந்த உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே சிறுவன் ராமையா பள்ளியில் படித்தது மலையாளமும் வடமொழியும். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் பயின்று பட்டமும் பெற்றார். தமிழ் அவருக்கு வீட்டு மொழி, கோயில் மொழி. திருவனந்தபுரத்தில் நீலகண்ட சிவனின் தமிழ்ப் பாடல்களைப் பஜனைகளில் கேட்டுக் கேட்டு வளர்ந்தார். பிற்காலத்தில் தமிழ்நாடே முணுமுணுத்த பாட்டுகளை எழுதியவரின் தமிழ், வகுப்பறையைவிடக் காது வழியாக வந்த தமிழ் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெயர் வந்த விதம்

1910-ல் தாயும் காலமானார். மனம் வெறுத்த இளைஞர் கோயில் கோயிலாகச் சுற்றினார். தமையனார் ராஜகோபாலன் பாபநாசத்தில் இருந்ததால் அங்கே வந்து தங்கினார். உடம்பெங்கும் திருநீறு பூசிக்கொண்டு பஜனை பாடி வந்த அவரை, கணபதி அக்ரகாரத்து மக்கள் சிவனே வந்ததுபோல் இருக்கிறது என்று வியந்து பாபநாசம் சிவன் என்று அழைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் ஆகியோரிடம் இசையின் ஆரம்பப் பாடம். பின்னர் மகாவித்வான் கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரிடம் கேள்வி ஞானமாகவே பெரும்பகுதியைக் கற்றார். அவருடைய முதல் கீர்த்தனை திருவாரூர்க் கோயிலில் குந்தலவராளி ராகத்தில் பிறந்தது என்பர். பாட்டின் முடிவில் 'ராமதாசன்' என்று முத்திரை வைப்பது அவர் வழக்கம்.

மயிலையும் சினிமாவும்

1930-ஐ ஒட்டிச் சென்னை மயிலாப்பூருக்குக் குடிபெயர்ந்தார். மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் அவர் நடத்திய பஜனை பிரசித்தமானது. பெரிய வித்துவான்களும் குளிரில் கூடவே நடந்து பாடினார்கள். ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரத்தில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1934-ல் 'கீர்த்தன மாலை' நூல் வெளிவந்தது.

அதே ஆண்டு 'சீதா கல்யாணம்' படத்தின் மூலம் சினிமாவுக்கு வந்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 'சேவாசதனம்', 'அசோக்குமார்', 'சிவகவி' என்று வரிசையாகப் படங்கள். 1936-ல் 'பக்த குசேலா'வில் குசேலராகவும், 1939-ல் கல்கியின் கதையான 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரியாகவும் தாமே நடித்தார். 'தியாகபூமி'யை வெள்ளைக்கார அரசாங்கம் தடை செய்தது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அந்த நாளில் சங்கீதக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த இடம் கடைசியில் வரும் துக்கடாதான். 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, கச்சேரியின் நடுநாயகமாக வைத்துப் பாடத் தமிழில் கனமான கீர்த்தனைகள் எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடையாகச் சிவனின் கீர்த்தனைகள் கையில் இருந்தன.

கேட்க வேண்டிய முறை

அன்பர்கள் அவருடைய இசைத்தட்டுகளை ஏதோ காதில் விழுந்தது என்று விடாமல், வரிசைப்படுத்திக் கேட்க வேண்டும். முதலில் பாகவதரின் சினிமாப் பாட்டுகள். பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடந்தான் ஓடும். அதற்குள் ராகத்தின் முகம் தெரிய வேண்டும், சொல் புரிய வேண்டும், கதையும் நகர வேண்டும். 'ஹரிதாஸ்' படத்தின் சாருகேசி ராகப் பாட்டை நாலைந்து முறை கேட்டால், எவ்வளவு சிக்கனமாக வேலை செய்திருக்கிறார் என்பது விளங்கும். அந்த ராகத்தின் பெயர் தெரியாதவர்களும் அதைப் பாடினார்கள்.

அடுத்து, மயிலை அறுபத்துமூவர் விழாவைக் கண்டு அவர் பாடிய காம்போதி ராகக் கீர்த்தனையை மதுரை மணி ஐயர் குரலில் கேட்க வேண்டும். இங்கே அவசரமே இல்லை. ஊர்வலம் அடிமேல் அடியாக நகர்வதுபோல் பாட்டும் நகரும். இரண்டையும் எழுதியது ஒரே கை. பின்னர் டி.கே. பட்டம்மாள், டி.கே. ஜெயராமன் பாடியவற்றுக்குப் போகலாம். ஒரே பாட்டை இரண்டு மூன்று பேர் பாடக் கேட்டால்தான் எது பாடுபவரின் கற்பனை, எது சிவனின் கட்டுமானம் என்று பிரித்தறிய முடியும்.

இதிலும் நமக்கு ஓர் உறவு உண்டு. 1928 முதல் கல்கத்தா டம்டமில் இயங்கிய கிராமபோன் கம்பெனி ஆலையில்தான் ஹெச்.எம்.வி., கொலம்பியா தட்டுகள் அச்சாகித் தமிழ்நாட்டுக்குப் போயின. சென்னையில் பாடியது கல்கத்தாவில் உருப்பெற்று மதுரைக்கும் திருச்சிக்கும் திரும்பியது.

கடைசி நாட்கள்

சினிமாவின் போக்கு மாறியபின் அவர் கீர்த்தனைகளிலும், வடமொழிச் சொற்களைத் தொகுத்து அகராதி செய்வதிலும் ஈடுபட்டார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1971-ல்தான் வந்தது. அப்போது வயது 81. மறு ஆண்டு பத்மபூஷண். 1973 அக்டோபர் 1-ந் தேதி காலமானார். மகள் ருக்மிணி ரமணி அவருடைய பாடல்களைப் பாடியும் கற்பித்தும் காத்து வந்தார்.

ஊரை விட்டு வந்துவிட்டோம், பள்ளியில் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எப்படி நிற்கும் என்று கவலைப்படாத பெற்றோர் இங்கே இல்லை. வேற்று மொழி நாட்டில் வளர்ந்த தகப்பனில்லாப் பிள்ளைக்குப் பஜனைப் பாட்டுத் தமிழைத் தந்தது. இன்று கிராமபோன் பெட்டி வேண்டாம். கைப்பேசி போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு பாட்டை நிதானமாகக் கேட்கலாம். பொருள் புரியாத சொல்லை அவர்கள் கேட்பார்கள். அங்கிருந்து தமிழ்ப் பாடம் தானே தொடங்கும்.