ஜான் பன்யனும் அவர் ஜெபமும்

உடற்பிணிக்கு மருந்தளிப்பார் பலர் உளர். மனக்கவலைக்கு மருந்தளிப்பார் மிகச் சிலரே. திருவள்ளுவனார் மனக்கவலையைப் பற்றிய பேச்சைத் தம் நூலின் முதலதிகாரமாகிய கடவுள் வாழ்த்திலேயே எடுத்ததன் காரணமும் இதுவே போலும். இறைவன் திருவடியே கவலைக்குப் புகலிடம் என்பது நம் முன்னோர் துணிபு. அவ்வுண்மையைக் கிறிஸ்து மார்க்கத்தில் நின்று, தம் வாழ்க்கையாற் கண்டறிந்த மேனாட்டுப் பெரியார் ஜான் பன்யன். இவர் இயற்றிய மோட்சப் பிரயாணம் என்னும் நூலைத் தழுவியே நெல்லை நாட்டுப் புலவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்கள் 1894-ஆம் ஆண்டில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை வெளியிட்டார்கள். அம்முதனூலாசிரியர் பட்ட கவலையும் பெற்ற அமைதியும் நம்மவர் அறிதற்குரியன.

இங்கிலாந்து தேசத்தில் பெட்போர்டு நகரையடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-ஆம் ஆண்டு பன்யன் பிறந்தார். தந்தையார் உடைந்த பாத்திரங்களைச் செப்பனிட்டு ஜீவனம் செய்தவர். மைந்தருக்கும் அதுவே தொழிலாயிற்று. எழுதப் படிக்கக் கற்றதன்றி மேற்கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. 1644-ஆம் ஆண்டில், பதினாறு பிராயம் நிரம்புமுன்னரே, தாயாரையும் தங்கையையும் ஒரு மாத இடைவெளிக்குள் இழந்தார். அவ்வாண்டிலேயே உள்நாட்டுப் போரிற் பார்லிமெண்டுப் படையிற் சேர்ந்தார். ஒருமுறை அவர் செல்லவேண்டிய காவலுக்கு அவருக்கு மாறாகச் சென்ற வீரனொருவன் குண்டடிபட்டு மாண்டான். மரணம் இங்ஙனம் இளமையிலேயே அவர் அருகில் வந்து வந்து சென்றது.

போர் முடிந்து இல்லறம் புகுந்தபோது, கணவனும் மனைவியும் உண்கலத்திற்கும் வகையற்ற வறியராயிருந்தனர். மனைவியார் கொணர்ந்த சீதனம் பக்தி நூல்கள் இரண்டே. அவற்றைப் படிக்கப் படிக்கப் பன்யனுக்குத் தம் ஆன்மாவைப் பற்றிய அச்சம் மூண்டது. அவ்வச்சத்தின் இயல்பை ஒரு செய்தியால் அறியலாம். ஊர்க்கோயில் மணியடிப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. அது வீண்பொழுதெனக் கருதி விடுத்தும், பிறர் அடிப்பதைக் காணச் செல்வார். அங்கே மணி அறுந்து தலைமேல் விழுமோ என்று அஞ்சி உத்திரத்தின் கீழ் ஒதுங்கினார்; உத்திரமும் காவாதென்று வாயிலுக்கு வந்தார்; பின்னர்க் கோபுரமே சாயுமோ என்று வெருண்டு ஓடிவிட்டார். ஒரு கவலைக்கு அஞ்சி ஒதுங்கிய இடத்தில் மற்றொரு கவலை காத்திருந்தது.

ஜெபம் செய்யலாமென்று முழந்தாளிட்டாலோ, யாரோ பின்னின்று ஆடையைப் பற்றியிழுத்து, விரைந்து முடியென்று தூண்டுவதுபோல் இருக்கும். மனத்தில் இறைவனை நிறுத்த முயன்றால் ஒரு புதரோ, காளையோ, துடைப்பமோ வந்து நிற்கும். வழிபாட்டில் அமர்ந்து மனம் அலையக் கண்ட யாவரும் இதனை அறிவர். தாம் மன்னிப்பிற்கு அப்பாற்பட்டவர் என்ற எண்ணம் ஓங்கவே, ஆன்மாவைப் பற்றிய பயமில்லாத நாயையும் தேரையையும் கண்டு, அவற்றின் நிலை தம் நிலையினும் மேலென எண்ணி ஏங்கினார். இத்துன்பம் ஆண்டுக்கணக்காக நீடித்தது.

இதனிடையே, தொழிலின் நிமித்தம் பெட்போர்டு நகருக்குச் சென்ற ஒருநாள், ஏழை மாதர் மூவர் நால்வர் ஒரு வீட்டு வாயிலில் இளவெயிலில் அமர்ந்து இறைவன் அருளைப் பற்றி உரையாடக் கேட்டார். அவர் சமய வாதம் வல்லவர். ஆயினும் அம்மாதர் முகத்திற் கண்ட மகிழ்ச்சி அவர் வாதத்தில் இல்லை. அவர்கள் வாயிலாகவே கிப்போர்டு என்னும் போதகரை அடைந்தார். கலக்கம் உடனே நீங்கிற்றில்லை. எனினும், கேட்கப்படுமென்ற துணிவில்லாதபோதும் அவர் ஜெபத்தைக் கைவிடவில்லை. ஒருநாள் வயல்வழியே நடக்கையில், தம்மைக் காப்பது தம் மனத்தின் நன்னிலையன்று, விண்ணிலிருக்கும் கிறிஸ்துவின் நீதியே என்னும் தெளிவு அவருள் எழுந்தது. மனம் தெளிந்த நாளிலும் கலங்கிய நாளிலும் அது மாறாதது அன்றோ? கட்டுண்டவன் விலங்கு கழன்றாற்போல் வீடு திரும்பினார்.

இவ்வமைதிக்குரிய சோதனை பின்னரே வந்தது. மனைவியார் இறந்தபின், நான்கு குழந்தைகளைக் காக்க 1659-ல் எலிசபெத் என்னும் மாதரை மணந்தார். 1660-ஆம் ஆண்டு நவம்பரில், அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பே கூட்டங்கூட்டிப் பிரசங்கிக்க முனைந்த குற்றத்திற்காகச் சிறைப்பட்டார். கருவுற்றிருந்த எலிசபெத் அதிர்ச்சியால் அக்குழந்தையை இழந்தார். விசாரணையில், ஜெபநூலைப் படித்தல்தான் ஜெபமா என்பது பற்றியே நீதிபதிக்கும் அவருக்கும் வாதம் நிகழ்ந்தது. எழுதிய சொல்லைப் படிப்பதன்று, ஆவியின் துணையால் உள்ளம் உருகுவதே ஜெபம் என்று பன்யன் வாதித்தார். பின்னர்ச் சிறையிலிருந்தே ஜெபத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

பிரசங்கம் செய்வதில்லையென்று வாக்களித்தால் விடுதலை கிடைக்கும். அளிக்காவிடின் நாடுகடத்தலும், அனுமதியின்றி மீண்டால் தூக்கும் காத்திருந்தன. பிறவியிலேயே கண்ணிழந்த மூத்த மகள் மேரியின் நினைவே அவரை மிகவும் வருத்திற்று. அக்குழந்தை பசித்திருக்குமோ, குளிரில் நடுங்குமோ, பிறரால் அடிபடுமோ என்று எண்ணுந்தோறும் அவர் நெஞ்சு பிளந்தது. தூக்குமேடை ஏணியில் தாம் நடுங்கி நின்று இறைவன் பெயருக்கு இழுக்குத் தேடிவிடுவோமோ என்றும் அஞ்சினார். ஆறுதலளிக்குமாறு பன்முறை வேண்டியும் ஓர் ஆறுதலும் வரவில்லை. முடிவில் ஒரு துணிவு பிறந்தது: ஆறுதல் அளிப்பதும் அளியாததும் இறைவன் உரிமை, அவரைப் பற்றி நிற்றல் தம் கடமை. ஆறுதல் கிடையாதாயினும் கண்ணை மூடிக்கொண்டு அவர் கையிற் குதிப்பதென்று உறுதிகொண்டார். மனைவி மக்களையும் அவரிடமே ஒப்புவித்தார். உறுதிப்பத்திரம் கேட்பதை நிறுத்திய அப்போதுதான் உள்ளம் நிலைத்தது.

எலிசபெத் அம்மையார் 1661-ல் நீதிபதிகள்முன் சென்று முறையிட்டும் பயன் விளையவில்லை. பன்யன் சிறையிலிருந்தே நாடாக்கள் முடைந்து விற்றுக் குடும்பத்திற்கு உதவினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 1672-ஆம் ஆண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னர் பிறப்பித்த சமயச் சலுகையால் விடுதலையடைந்தார். பெட்போர்டு சபையின் போதகருமானார்.

1678-ல் வெளிவந்த மோட்சப் பிரயாணத்தில் அவர் அனுபவம் கதையாக நிற்கிறது. யாத்திரிகர் இருவர் சந்தேகக் கோட்டையிலே அவநம்பிக்கை என்னும் அரக்கனாற் சிறையிடப்பட்டுச் சாவையே நினைந்து கிடக்கின்றனர். ஒரு நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கி விடியுமளவும் ஜெபிக்கின்றனர். அப்போது ஒருவனுக்கு, வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தொடக்க முதல் தன் மார்பிலேயே இருந்தமை நினைவிற்கு வருகிறது. ஜெபம் புதிய திறவுகோலைக் கொணரவில்லை, உள்ளதை நினைப்பித்தது.

1688-ஆம் ஆண்டில், பிணங்கியிருந்த தந்தையையும் மகனையும் ஒன்றுசேர்த்துவிட்டு, பெருமழையில் லண்டன் திரும்பிய பன்யன் காய்ச்சலுற்று ஆகஸ்டு 31-ல் உயிர்நீத்தார். தம் கவலையே பெரிதென்றிருந்த ஒருவர் பிறர் கவலை தீர்க்கச் சென்று மாண்டார்.

அன்பர்காள்! மகளின் மணம், மைந்தனின் வேலை, பெற்றோரின் பிணி எனக் கவலை புகாத இல்லம் நம்மிடையே யாது? மனம் அடங்கியபின் வழிபடலாமென்று நாம் காத்திருக்கின்றோம். அடங்காத மனத்தோடே முழந்தாளிட்டவர் பன்யன். அவர் ஜெபம் சிறைக்கதவைத் திறக்கவில்லை. சிறைக்குள் வாழும் ஆற்றலைத் தந்தது. எச்சமயத்தார்க்கும் இஃது உறுதி பயப்பதாகும்.