சுமை இறங்கிய இடம்: எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் வாழ்வும் அருள்வழி மகிழ்ச்சியும்

முன்னுரை

தமிழ்க் காப்பிய வரலாற்றில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) கிறித்தவக் கம்பர் என்னும் அடைமொழியோடு அறியப்படுகிறார். இவ்வடைமொழி அவருடைய யாப்பாற்றலையும் சொல்வளத்தையும் சுட்டுகிறது. அவர் வாழ்வின் மையத்தில் இருந்த வினாவைச் சுட்டுவதில்லை. மனிதன் தன் ஒழுக்கத்தாலும் நோன்பாலும் புண்ணியத்தாலும் தன் பாவச்சுமையை இறக்கிவைக்க இயலுமா என்பதே அவ்வினா. இயலாது என்பதும், நம்பிக்கையோடு ஏற்றுக்கொள்ளப்படும் அருளே அதனை இறக்கும் என்பதும் அவர் கண்ட விடை. அவ்விடை தந்த மகிழ்ச்சியே இரட்சணிய யாத்திரிகத்தின் ஊற்று என்பதை அவர் வாழ்க்கை நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணபிள்ளை 1827 ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சங்கரநாராயண பிள்ளை. தாய் தெய்வநாயகி அம்மாள். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்ற மகன் இளமையிலேயே புலமை பெற்றார். திருமால் வழிபாடும் அதற்குரிய ஆசாரங்களும் அவருடைய அன்றாட வாழ்வின் இயல்பான பகுதிகளாக இருந்தன. கம்பனின் சொல்லும் ஆழ்வார்களின் உருக்கமும் ஒருங்கே அவருள் பதிந்த காலம் இது. பிற்காலத்தில் அவர் சமயம் மாறிய போதும் இவ்விரண்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

சாயர்புரமும் திருப்புமுனையும்

1853இல் சாயர்புரத்துக் கல்விக்கூடத்திற்குத் தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டபோது, கால்டுவெல் கிருஷ்ணபிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். ஜி. யு. போப் தொடங்கிவைத்த கல்விக்கூடம் அது. பணி கிறித்தவ நிறுவனத்தில் எனினும் ஆசிரியர் தம் வைணவ நெறியில் உறுதியாகவே இருந்தார். மாற்றம், பணியின் கட்டாயத்தால் வந்ததன்று. நண்பர் தனுக்கோடி ராஜு கிறித்தவரானதும், அவரோடு நிகழ்ந்த உரையாடல்களும், புதிய ஏற்பாட்டைப் படித்ததும் அவருள் ஓர் அகப்போராட்டத்தைத் தோற்றுவித்தன. தம்பி முத்தையா பிள்ளையும் அந்நெறியை ஏற்றவரே.

அப்போராட்டத்தின் மையம் சடங்குகளின் வேறுபாடு அன்று, பாவத்தின் தீர்வு. செய்த பிழைக்குச் செய்கையாலேயே ஈடு கட்டுவதென்றால், எவ்வளவு செய்தால் போதும் என்னும் அளவு எங்கும் கிடைப்பதில்லை. குற்றமற்ற ஒருவர் பிறர் குற்றத்தைத் தாமே சுமந்து தீர்த்தார் என்னும் செய்தி, அந்த அளவைத் தேடும் முயற்சியையே தேவையற்றதாக்கியது. 1858 ஏப்ரலில் மயிலாப்பூரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்கள் முன்னே சேர்ந்தன. கிருஷ்ணன் என்னும் பெயர் நீக்கப்படவில்லை. பழைய பெயரை விலக்குவதையும் ஒரு தகுதியாக அவர் கருதவில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

இம்மாற்றத்தைக் கொண்டு, வைணவத்தில் அருட்கோட்பாடு இல்லை என முடிவு செய்வது பொருந்தாது. சரணாகதியைத் தலையாய நெறியாகக் கொண்ட சமயம் அது. தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வது போல இறைவன் உயிரைக் காப்பான் என்னும் தென்கலை விளக்கம் தமிழுலகம் நன்கறிந்தது. தன் முயற்சி பயனற்ற இடத்தில் அருள் தொடங்குகிறது என்னும் எண்ணத்திற்கான மொழியைக் கிருஷ்ணபிள்ளை பிறந்த மரபே அவருக்கு அளித்திருந்தது. அவர் புதிதாகக் கண்டது சிலுவைப் பலி என்னும் அடிப்படை. அதனைப் பாடக் கைக்கொண்டதோ பழைய மொழி.

பணிகள்

சென்னையில் பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகவும், மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராகவும் கிருஷ்ணபிள்ளை பணியாற்றினார். பின்னர்த் திருநெல்வேலிப் பகுதிக்குத் திரும்பிச் சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் கற்பித்தார். திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியிலும் தமிழ் பயிற்றினார். போற்றித் திருஅகவல், இரட்சணிய மனோகரம் முதலிய நூல்களும் அவர் இயற்றியவை. எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது இரட்சணிய யாத்திரிகமே.

பனியனும் கிருஷ்ணபிள்ளையும்

இக்காப்பியத்தின் முதனூல், 1678இல் ஜான் பனியன் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதை. பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலினரான பனியன், இளமையில் ஆடலையும் ஆலய மணியடிப்பதையும்கூடக் கைவிட்டு ஒழுக்க விதிகளால் தம்மைத் திருத்திக்கொள்ள முயன்றவர். அயலார் பாராட்டினர், உள்ளத்தில் அமைதி பிறக்கவில்லை. இவ்வனுபவம் அவர் கதையில் உருவம் பெறுகிறது. முதுகில் சுமையோடு புறப்படும் பயணியை, உலகியல் அறிவன் ஒருவன் வழிமாற்றி, விதிகளால் சுமை இறக்குபவனின் வீட்டுக்கு அனுப்புகிறான். அவ்வழியில் உள்ள மலை தலைமேல் விழுவது போல அச்சுறுத்த, சுமை முன்னிலும் கனக்கிறது. இறுதியில் சிலுவையின் முன் நிற்கும்போது, பயணி எதுவும் செய்யாமலே சுமை தானாக அவிழ்ந்து உருண்டு மறைகிறது. அவன் மகிழ்ச்சியால் துள்ளுகிறான், பாடுகிறான்.

பயணத்தின் முடிவில் அன்றி, அதன் முற்பகுதியிலேயே சுமை இறங்கிவிடுவது கருதத்தக்கது. மலைகளும் பள்ளத்தாக்குகளும் பகைவர்களும் அதன் பின்னரும் உள்ளனர். ஆகவே இக்கதையில் மகிழ்ச்சி, நெடுவழி நடந்தமைக்குக் கிடைக்கும் பரிசு அன்று. நடப்பதற்கு வேண்டிய வலிமை. நல்லொழுக்கம் மீட்பிற்குக் காரணமாகாமல் மீட்பின் பயனாகிறது.

இந்நூலைக் கிருஷ்ணபிள்ளை மொழிபெயர்க்கவில்லை. தமிழ்க் காப்பியமாக மறுபடைப்புச் செய்தார். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பிரிவுகளில் 3766 பாடல்களாக அது விரிகிறது. அவர் செய்த மாற்றங்களுள் இரண்டு இங்கு இன்றியமையாதவை. முதலாவது, பனியன் விரித்துரைக்காத கிறித்துவின் பாடுகளைக் குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலமாக அவர் விரித்துப் பாடியமை. பனியனின் வாசகர் அவ்வரலாற்றை முன்பே அறிந்தவர். தமிழ் வாசகருக்கு அது சொல்லப்பட வேண்டியிருந்தது. சுமை ஏன் இறங்கியது என்பதை உணர்த்தாமல் சுமை இறங்கிய மகிழ்ச்சியை மட்டும் காட்டினால் அது காரணமற்ற களிப்பாகிவிடும். இரண்டாவது, காப்பியக் கதையோட்டத்தினிடையே தேவாரம் என்னும் பெயரில் பண்ணோடு பாடத்தக்க பதிகங்களை அமைத்தமை. அவ்விடங்களில் கதை நின்று வழிபாடு தொடங்குகிறது. பிறர்கதை கூறும் புலவர் தம் குரலிலேயே இறைவனை விளித்துப் பாடுகிறார். நன்றியுணர்வுக்குத் தமிழ் வகுத்துத் தந்த வடிவம் பக்திப் பதிகமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்த இக்காப்பியம், 1894 மே மாதத்தில் நூல்வடிவம் பெற்றது. அப்போது ஆசிரியருக்கு வயது அறுபத்தேழு. ஆறாண்டுகளுக்குள், 1900 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

முடிவுரை

கிருஷ்ணபிள்ளையின் வாழ்வை ஓர் ஆசாரத்தை விட்டு மற்றோர் ஆசாரத்தை ஏற்ற வரலாறாக மட்டும் வாசித்தால், அவருடைய காப்பியம் தழுவல் நூலாகச் சுருங்கிவிடும். தகுதியைத் தேடியவர் அருளைக் கண்டடைந்த வரலாறாக வாசிக்கும்போது, நீக்கப்படாத பெயரும் விரித்துரைக்கப்பட்ட பாடுகளும் இடையிட்ட பதிகங்களும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. முப்பதாம் வயதில் அவர் கண்ட விடை, பல்லாண்டு உழைப்பில் காப்பியமாயிற்று. அவ்வுழைப்பு மகிழ்ச்சியை ஈட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று. முன்பே பெற்ற மகிழ்ச்சிக்குச் செலுத்திய நன்றி.