ஏடு கண்ட தளபதி

இராயபுரத்துத் தோழர்கள் நன்கு அறிவார்கள்: இன்று அறிஞர் அண்ணா பூங்கா என்று வழங்கும் இடம்தான் அன்றைய ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று அங்கே மழை கொட்டிற்று. கூட்டம் கலையவில்லை. முதல்நாள் பவழக்காரத் தெரு 7ஆம் எண் இல்லத்தில் பிறந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதற் பொதுக்கூட்டம் அது. மேடையில் நின்ற அண்ணாவுக்கு வயது 40. ஆலை உண்டா? இல்லை. ஜமீன் உண்டா? இல்லை. காஞ்சியிலே ஒரு கிழமை ஏடு உண்டு, அவ்வளவுதான். அந்த ஏடு வந்த கதையைச் சொல்லவே இன்று எழுதுகிறோம்.

1909இல் நெசவாளர் குடியிலே பிறந்தவர் அவர். காஞ்சி நகராட்சியில் எழுத்தராக இருந்து, பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, எம்.ஏ. ஆனார். அந்நாளில் எம்.ஏ. என்றால் சர்க்கார் நாற்காலி காத்திருக்கும். அவரோ 1936இல் சென்னை நகராண்மைத் தேர்தலில் பெத்துநாய்க்கன்பேட்டையில் நின்றார், தோற்றார். பாலபாரதி, நவயுகம் ஏடுகளில் எழுதினார். பிறகு ஈரோடு சென்றார்.

ஈரோட்டில் அவர் யார்? குடிஅரசு, விடுதலை ஏடுகளின் துணை ஆசிரியர், பெரியாரின் உதவியாளர். பெரியார் பேச்சை ஆங்கிலத்தில் பெயர்ப்பதும் அவர் வேலை. 1938இல் இந்தி எதிர்ப்பில் சிறை. 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் சென்று ஜின்னாவையும் அம்பேத்கரையும் கண்டபோது உடன் சென்றவரும் அவரே. எழுதிய கை அவருடையது, ஏடு பெரியாருடையது. அதிலே இழிவு ஏதுமில்லை, தோழர்களே! ஈரோட்டுப் பட்டறையில் அடிபடாத இரும்பு அல்ல அது. ஆனால் பிறர் ஏட்டிலே எழுதுகிறவன், அந்த ஏட்டுக்குரியவர் கருத்தைத்தானே எழுத முடியும்?

1942 மார்ச்சில் காஞ்சியில் 'திராவிட நாடு' தோன்றிற்று. ஆசிரியர் அவர், பொறுப்பும் அவருடையது. சௌமியன், பரதன், நக்கீரன், வீரன் என்று பல பெயர்கள். எழுதிய கை ஒன்றே. எழுத ஆள் போதாமல்தான் இத்தனை பெயர்கள் என்று நாம் எண்ணுவதுண்டு! தலையங்கம் தீட்டிய பேனாவே 'ரங்கோன் ராதா'வையும் தொடராக எழுதிற்று. ஏடு வாங்கக் காசில்லாதவனுக்குத் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவனும் வாசகன் ஆனான்.

சொந்த ஏட்டின் மதிப்பு 1947 ஆகஸ்டில் தெரிந்தது. ஆகஸ்ட் 15 துக்க நாள் என்றார் பெரியார். வெள்ளையன் வெளியேறும் நாள் மகிழ்ச்சி நாளே என்று 'திராவிட நாடு' எழுதியது. தலைவரை மதித்துக்கொண்டே தலைவருக்கு மாறாக எழுதினார் தளபதி. விடுதலையின் துணை ஆசிரியராகவே அவர் இருந்திருந்தால் அந்தக் கட்டுரையை எந்த அச்சகம் ஏற்றிருக்கும்? கழகத்திலே கசப்பு மூண்டது. அந்தக் கசப்பை அவர் விரும்பினார் என்று நாம் சொல்லமாட்டோம். 1949 ஜூலையில் பெரியாரின் திருமணத்தையொட்டிப் பிளவு வந்தபோது, விலகுவோர் பெயர்களை அதே ஏடுதான் 'கண்ணீர்த் துளிகள்' என்ற தலைப்பில் வெளியிட்டது. அந்தச் சொல்லையே பிற்பாடு ஏளனப் பெயராக்கினார்கள் எதிர்த்தவர்கள். ஏளனம் பொறுத்தார்கள், மழையும் பொறுத்தார்கள் ராபின்சன் பூங்காவிலே.

1953இல் 'நம் நாடு' நாளேடு, 1957இல் ஆங்கிலத்தில் 'ஹோம்லேண்ட்', பின்னர் 'காஞ்சி' என்று ஏடுகள் வளர்ந்தன. ஏடுகளுக்கு அதிபராகி அவர் பணம் குவித்தாரா? இல்லை. 1955 முதல் தம்பிக்குக் கடிதம் எழுதினார். துறைமுகத்திலே மூட்டை சுமந்தவனும் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலே வேலை பார்த்தவனும் தனக்கே வந்த கடிதமாக அதைப் படித்தான்.

1967இல் முதலமைச்சரானார். கோப்புகள் குவிந்தன, நோய் வாட்டியது, அமெரிக்கா வரை சென்று அறுவை செய்துகொண்டார். அப்படியும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1969 பொங்கலுக்கு, 'காஞ்சி' மலரில், தம்பிக்கு ஒரு கடிதம் வந்தது. பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த கடிதம் வரவில்லை.