விமானத் தளத்துக்கு விலை கொடுத்தவர் யார்?

கோவைக்கு அருகே சூலூர். சென்னைக்கு அருகே சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது இவ்விரு ஊர்களிலும் விமானத் தளங்கள் எழுந்தன. மண் சுமந்தவன் நம் தோழன். கல் உடைத்தவள் நம் தாய். பறந்ததோ வெள்ளையன் விமானம்! இத்தகைய தளங்களுக்கான செலவு யார் தலையில் விழுந்தது? அந்தக் கணக்கைப் பேச லண்டன் வரை சென்றவர் ஒரு கோவைக்காரர். அவர்தான் ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

1892-இல் பிறந்தவர். செல்வர் வீட்டுப் பிள்ளை. சட்டம் பயின்றார். 1920-இல் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். பின்னர் டில்லி மத்திய சட்டசபையில் அமர்ந்து, 1933-இல் அதன் தலைவருமானார். அவரைக் குறை கூறியோரும் உண்டு. 1932-இல் ஒட்டாவா வர்த்தக மாநாட்டுக்குச் சென்று, ஆங்கிலச் சரக்குக்குச் சலுகை தரும் உடன்பாட்டுக்குத் துணை நின்றார் என்று தாக்கப்பட்டார். 1934 தேர்தலில் தோற்றார். தோல்வி அவரை வீட்டில் உட்கார வைக்கவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்தார்.

அதற்குள் போர் மூண்டது. படைச் செலவு யாருடையது? 1939-இல் லண்டனும் டில்லியும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அமைதிக் காலத்துப் படைச் செலவும் அதன் விலையேற்றமும் இந்தியாவைச் சேரும். இந்தியாவின் நலனுக்கென்றே செய்யும் போர்ச் செலவும் இந்தியாவைச் சேரும். மற்றவை பிரிட்டனைச் சேரும். கேட்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் தோழர்களே, லண்டனில் இருந்தவனும் வெள்ளையன், டில்லியில் நிதியைக் காத்தவனும் வெள்ளையன்! பணம் கொடுக்கும் மக்களை எவன் கேட்டான்?

1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுடன் ஊர் ஊராக ஓடினர். அவசர அவசரமாக விமானத் தளங்கள் எழுந்தன. ஒரு தளம் இந்தியாவைக் காக்கவா, பிரிட்டன் இழந்த பர்மாவை மீட்கவா? முன்னதென்றால் செலவு நமது, பின்னதென்றால் அவர்களது. வானத்தில் ஏது எல்லைக் கல்? கோடு கிழித்தவர்கள் அதிகாரிகள்.

பிரிட்டன் தன் பங்கையாவது உடனே கொடுத்ததா? இல்லை! லண்டனில் கடன் கணக்கு எழுதி வைத்தது. அதைக் காட்டி இங்கே நோட்டுகளை அச்சடித்தார்கள். நோட்டு பெருகிற்று, அரிசியும் துணியும் அருகின. கூலி நடந்தது, விலை பறந்தது. 1943-இல் வங்கத்தில் பஞ்சம் வந்தது. மாண்டவர் சுமார் 30 லட்சம் என்று கணக்கிடப்படுகிறது. பிரிட்டன் கணக்கில் எழுதிய செலவுக்கும் முன்பணம் கட்டியது ஏழையின் வயிறுதான்!

போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தரவேண்டிய கடன் 1,700 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியாவைக் காத்தது நாங்கள்தானே, அதைக் கழித்துக்கொள்ள வேண்டாமா என்ற எண்ணம் போர்க் காலத்திலேயே சர்ச்சிலுக்கு இருந்தது. 1944-இல் அமெரிக்காவில் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் 44 நாடுகள் கூடின. இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியாரும் இருந்தார். இந்தக் கடனைத் தீர்க்க வழி வேண்டும் என்று அக்குழு வாதாடியது. அது இரு நாடுகளின் சொந்த விவகாரம் என்று கூறிப் பிரிட்டன் கதவை அடைத்தது.

1947-இல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதி அமைச்சரானார் அவர். நவம்பர் 26-இல் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தார். 1948-இல் லண்டன் சென்றார், கடன் கொடுத்தவரின் தூதராக. கடன் மறுக்கப்படவில்லை, சர்ச்சிலின் எண்ணம் பலிக்கவில்லை. அது வெற்றி. ஆனால் பிரிட்டன் இங்கே விட்டுச் சென்ற படைத் தளவாடங்களுக்கும் கட்டுமானங்களுக்கும் விலையாக 133 கோடி ரூபாயை அந்தக் கடனிலிருந்து கழித்தனர். அசல் விலையைவிட இது மிகக் குறைவுதான். எனினும் எண்ணிப் பாருங்கள்: நம் மண்ணில், நம் கையால், நம் பசியைக் கடனாகக் கொடுத்து எழுந்தவற்றை நாமே மீண்டும் விலை கொடுத்து வாங்கினோம்! மீதிப் பணமும் தவணை தவணையாகத்தான் வந்தது.

அதே ஆண்டு அவர் பதவியை விட்டு விலகினார். தமிழிசைக்குத் தோள் கொடுத்தவர், சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்தவர். 1953 மே 5-இல் மறைந்தார்.

ஒரு சிலம்புக்காக அரசவையில் நீதி கேட்டவளின் கதையைக் கற்றவர், ஒரு நாட்டின் உழைப்புக்காக அயலான் அவையில் கணக்குக் கேட்டார். முழு நீதி கிடைக்கவில்லை. ஏன்? செலவு செய்யும்போது நமக்கு வாயில்லை. கணக்குத் தீர்க்கும்போதுதான் வாய் கிடைத்தது. காவலுக்குப் பணம் கொடுக்கும் மக்களே அந்தக் காவல் எதற்கு, எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கும் உரிமை இல்லாத இடத்தில் வரி என்பது கப்பம்! சண்முகம் செட்டியார் வாழ்வு நமக்குக் கற்றுத் தரும் பாடம் இது.