அஞ்சல் எண் தந்த வேலங்கர்

கடித உறையின் கீழ் மூலையில் நாம் எழுதும் ஆறு இலக்கங்களைத் தந்தவர் ஒரு வடமொழிக் கவிஞர் என்றால் நம்மில் பலர் வியப்படையக்கூடும். அவர்தாம் ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர். மத்திய அரசின் தகவல் தொடர்புத் துறையில் கூடுதல் செயலாளராகவும், அஞ்சல் தந்தி வாரியத்தின் மூத்த உறுப்பினராகவும் விளங்கியவர்.

அன்னார் காலத்தில் கடிதம் பிரிப்போர் பட்ட பாடு கொஞ்சமன்று. ஒரே பெயரில் பல ஊர்கள். முகவரிகளோ பல மொழிகளில், பல எழுத்துகளில். நம் திண்டுக்கல் சமவெளியிலேயே புதுப்பட்டிகள் எத்தனை! 1960-களில் என் தாத்தாவுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் வேறொரு புதுப்பட்டியைச் சுற்றிவிட்டு, தேர்வு நாள் கடந்து கைக்கு வந்ததாம். அவர் பூட்டுப் பட்டறைக்கே வேலைக்குப் போனார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் கல்லூரிப் படியை மிதிக்க மேலும் இரண்டு தலைமுறை ஆயிற்று.

வேலங்கர் ஊர்ப் பெயரோடு எண்ணையும் சேர்த்தார். விடுதலையின் வெள்ளி விழா நாளான 15.8.1972 அன்று அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 624001 என்பதைப் பாருங்கள். 6 என்றால் தமிழகமும் கேரளமும் அடங்கிய மண்டலம். 62 அதன் உட்பிரிவு. 624 கடிதம் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகம்: திண்டுக்கல் 001, கொடைக்கானல் 101, பழனி 601. டில்லியில் கடிதம் பிரிப்பவர் முதல் இலக்கத்தைக் கொண்டே தெற்கே அனுப்பிவிடலாம். திண்டுக்கல் எங்கிருக்கிறது என்று அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. (வருவாய்த் துறைக் கணக்கில் நாம் தனி மாவட்டமானது 1985-இல்தான்; அஞ்சல் கணக்கில் அதற்கு முன்பே 624 ஆகிவிட்டோம்!)

கணிப்பொறி அறிவியல் பயிலும் எனக்கு இம்முறை பாடத்தில் மீண்டும் எதிர்ப்பட்டது. இணைய முகவரியிலும் முன்பகுதி வலையமைப்பைக் காட்டுகிறது; பின்பகுதி அதிலுள்ள கருவியைக் காட்டுகிறது. வழியிலுள்ள ரவுட்டர்கள் முன்பகுதியை மட்டுமே பார்த்து அனுப்புகின்றன. 1981-இல் வகுக்கப்பட்ட 32 பிட் முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான். உலகுக்கு அவை போதவில்லை. ஆகவே பல வீடுகளில் தொலைக்காட்சியும் கேமராவும் கைப்பேசியும் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. ஒரே கதவு எண்ணில் பல குடித்தனங்கள் வாழும் காம்பவுண்டு வீடு போன்றது இது. எது யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது வீட்டு ரவுட்டரின் வேலை. அஞ்சல் எண்ணும் அஞ்சலகத்தோடு நின்றுவிடுகிறது, அதன்பின் தபால்காரர்தாம். பற்றாக்குறை தீர வந்த புதிய முறையில் முகவரி 128 பிட் நீளமுடையது. கருவிக்கொரு முகவரி தந்தாலும் தீராது.

1973-இல் டில்லியில் நடந்த உலக அஞ்சல்தலைக் கண்காட்சிக்கும் வேலங்கரே தலைவர். அவ்வாண்டின் இறுதியில் ஓய்வு பெற்றார். வடமொழியில் அவர் எழுதிய நூல்களும் நாடகங்களும் நூற்றுக்கு மேல் என்பர். அவற்றுள் விலோம காவியம் முன்னிருந்து படித்தால் இராமனையும், பின்னிருந்து படித்தால் கண்ணனையும் பாடுவது. எழுத்தை அடுக்கத் தெரிந்தவர் எண்ணையும் அடுக்கியதில் வியப்பென்ன? 1996-இல் வடமொழிப் பணிக்காகக் குடியரசுத் தலைவர் விருது பெற்ற அவர், 1999-இல் மும்பையில் காலமானார்.