‘ஸ்னாப்ஷாட்’: துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு வந்த சொல்

குருவிகுளம் கல்யாண வீட்டில் ‘ஸ்னாப்’ எடுக்கச் சொல்கிறோமே, அந்தச் சொல் முதலில் பறவை வேட்டைக்காரர்களுடையது. குறிபார்க்க நேரமில்லாமல் சட்டென்று சுட்டால் அது ஸ்னாப்ஷாட்.

1860-ல் அதை போட்டோவுக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஹெர்ஷல். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன், 1792-ல் பிறந்தவர். இவரும் வானியலாளர்தான், தென்னாப்பிரிக்காவில் நான்கு வருஷம் தங்கி தெற்கு வானத்தை அளந்தார். பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு நல்லா தெரிந்த ஹைப்போ, படத்தை வெளிச்சத்தில் அழியாமல் காக்கும் என்று காட்டியவரும் இவரே. நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற பெயர்களும் இவர் வைத்ததுதான்.

அப்போது படத்துக்கு விநாடிக்கணக்கில் ஆடாம நிக்கணும். அசைந்தால் முகம் கலங்கிடும். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் படம் பிடிபட வேண்டும் என்பது ஹெர்ஷலின் ஆசை. 1871-ல் இறந்தார். அந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோன கோடாக் கேமரா வந்தது 1888-ல்.