அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு தந்த புனித ஜான் போஸ்கோ



நமது பங்கின் ஜூபிலி ஆண்டில் வெளிவரும் இம்மலரில் ஒரு புனிதரின் வாழ்வை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். பல புனிதர்கள் நினைவுக்கு வந்தபோதிலும், நம் உள்ளம் தொன் போஸ்கோவிடமே சென்று நின்றது. அதற்குக் காரணம் உண்டு. அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு நமது பங்கு ஆண்டுதோறும் அரிசியும் துணியும் கொடுத்து வருகிறது. அது நல்ல காரியமே. ஆனால் அதே பிள்ளை வளர்ந்து, இல்லத்தின் வாசலைக் கடந்து வெளியே வந்த அன்று எங்கே படுப்பான், யாரிடம் போவான் என்று நாம் கேட்டதில்லை. தொன் போஸ்கோ கேட்டார்.

அவர் 1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள், வட இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில் ஓர் ஏழை உழவர் வீட்டில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா அம்மாள் காட்டிலும் வயலிலும் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். ஜான் படிப்பதை மூத்த தாரத்து மகன் அந்தோனியோ விரும்பவில்லை. வீட்டில் சமாதானம் நிலைக்கும்பொருட்டுத் தாய் அவரைச் சிறு வயதிலேயே வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வீட்டைவிட்டுப் போகும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்பதை அவர் அன்றே அறிந்துகொண்டார். பின்பு கூலி வேலை செய்துகொண்டே படித்து, குருமடம் சேர்ந்து, 1841 ஜூன் 5ஆம் நாள் தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட அருட்தந்தை சூசை கபாசோ, இளங்குருவாகிய ஜானைத் தூரின் நகரச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள சிறுவர்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் பலர் நல்ல மனதோடு விடுதலையாகிச் சென்றும் சில நாட்களில் திரும்பி வந்துகொண்டிருந்தனர். ஏன் இப்படி என்று ஆராய்ந்தார் தொன் போஸ்கோ. வெளியே அவர்களுக்கு ஒருவரும் இல்லை. அதுவே காரணம் என்று கண்டார்.

1841 டிசம்பர் 8, அமல உற்பவ மாதாவின் திருநாள். கோவில் சக்ரீஸ்தில் பர்த்தொலொமேயு கரெல்லி என்ற அநாதை வாலிபன் ஒதுங்கி நின்றான். பூசைக்கு உதவி செய்யத் தெரியாத அவனைக் கோவில்பிள்ளை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து, அன்பாகப் பேசி, மாதாவை நோக்கி ஓர் அருள் நிறை மந்திரம் செபித்து, ஞானோபதேசம் தொடங்கினார். அந்த ஒருவனிடமிருந்து வளர்ந்ததே ஆரட்டரி என்னும் ஞாயிறு மன்றம். சிறுவர் கூட்டத்தின் இரைச்சலைப் பொறுக்காதோர் அவர்களை இடம் இடமாக விரட்டினர். கடைசியில் 1846ஆம் ஆண்டு பாஸ்குத் திருநாளன்று, வல்தொக்கோ பகுதியில் பினார்தி என்பவரின் தாழ்வான கொட்டகையில் நிலையான இடம் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் மார்கரீத்தா அம்மாள் சொந்த ஊரை விட்டு மகனோடு அங்கே குடியேறினார்.

ஞாயிற்றுக்கிழமை செபமும் விளையாட்டும் முடிந்து மற்றப் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். வீடில்லாதவர்கள் பாலத்தடியிலும் தெருவிலும் படுப்பார்கள். அவர்களில் சிலரைத் தொன் போஸ்கோ வைக்கோல் பரணில் படுக்க வைத்தார். விடிந்து பார்த்தால் ஆளும் இல்லை, போர்வையும் இல்லை! நம்மில் எத்தனை பேர் அதோடு கதவைச் சாத்தியிருப்போம்? அவர் சாத்தவில்லை.

1847 மே மாதத்தில் ஒரு மழை இரவு. வல்சேசியாவிலிருந்து வேலை தேடி வந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் நனைந்து நடுங்கியபடி வாசலில் நின்றான். தாய் தந்தை இல்லை. கையிலிருந்த மூன்று லீராவும் செலவாகிவிட்டது. மார்கரீத்தா அம்மாள் அவனை அடுப்பருகே அமர்த்தி, சூப்பும் ரொட்டியும் கொடுத்தார். செங்கல்லை அடுக்கி, பலகை போட்டு, அடுக்களையிலேயே படுக்கை விரித்தார். உழைப்பையும் நேர்மையையும் பக்தியையும் பற்றி நாலு வார்த்தை சொல்லித் தூங்க வைத்தார். மறுநாள் தொன் போஸ்கோ அவனுக்கு வேலை தேடிக் கொடுத்தார். உலகெங்கும் பரவியுள்ள சலேசிய இல்லங்களின் முதல் பிள்ளை அவனே. அவன் பெயர்கூட வரலாற்றில் தங்கவில்லை.

இதை எழுதும்போது நமக்கு வேறோர் இரவு நினைவுக்கு வருகிறது. நாம் குருவான புதிதில், வேறொரு பங்கில் உதவிப் பங்குக் குருவாக இருந்தோம். அநாதை இல்லமொன்றில் வளர்ந்து வெளியேறிய வாலிபன் ஒருவன் இரவு பத்து மணிக்குப் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினான். நாம் ஐம்பது ரூபாய் கொடுத்து, காலையில் வா, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டோம். அவன் காலையில் வரவில்லை. அந்த ஐம்பது ரூபாய்க்கு நாம் இன்றும் ஆண்டவரிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகள் பெருகப் பெருக மார்கரீத்தா அம்மாளுக்கு வேலை தாங்க முடியவில்லை. ஒருநாள் மனமுடைந்து, ஊருக்கே போய்விடுவதாகக் கூறினார். மகன் மறுமொழி சொல்லாமல் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். தாய் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினார். 1856இல் இறக்கும்வரை அங்கேயே உழைத்தார்.

உணவும் படுக்கையும் மட்டும் போதா என்பதையும் தொன் போஸ்கோ நன்கு அறிந்திருந்தார். வேலைக்குச் சென்ற சிறுவர்களை முதலாளிகள் அடித்தனர். தொழில் கற்றுத் தராமல் வீட்டு வேலை வாங்கினர். ஆகவே 1851, 1852ஆம் ஆண்டுகளிலேயே ஒப்பந்தம் எழுதி, முதலாளியும் சிறுவனும் தாமும் கையொப்பமிடச் செய்தார். தொழிலை ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும், அடிக்கக் கூடாது, ஞாயிறு ஓய்வு தர வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தகப்பனாகக் கையெழுத்திட்டார் என்றே சொல்லலாம். 1853 முதல் செருப்புத் தைத்தல், தையல், புத்தகக் கட்டு, தச்சு என்று சொந்தத் தொழிற்கூடங்களையும் திறந்தார்.

1854இல் தூரின் நகரைக் காலரா தாக்கியது. தொன் போஸ்கோவின் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பராமரித்தனர். அவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த சிறுவர்களை ஒரு தற்காலிக அநாதை இல்லத்தில் கூட்டி வைத்திருந்தார்கள். தொன் போஸ்கோ அங்கே சென்று சுமார் இருபது பேரை அழைத்து வந்தார். அவர்களில் ஒருவன் பியேத்ரோ என்ரியா. அவன் வளர்ந்து சலேசிய சகோதரரானான்.

தொன் போஸ்கோ 1859இல் சலேசிய சபையைத் தொடங்கினார். 1868இல் சகாய மாதா பேராலயம் அபிஷேகம் பெற்றது. 1872இல் புனித மரிய மசரெல்லோவோடு கன்னியர் சபையையும் ஏற்படுத்தினார். 1875இல் அர்ஜென்டினாவுக்கு மறைபரப்பாளர்களை அனுப்பினார். இவ்வளவு பணிகளுக்கிடையிலும் வெளியே சென்ற பழைய பிள்ளைகளை அவர் மறக்கவில்லை. அவர்களும் அவரை மறக்கவில்லை. 1870 ஜூன் 24ஆம் நாள், அவரது நாமத் திருநாளன்று, முன்னாள் பிள்ளைகள் சிலர் தங்கள் உழைப்பின் பணத்தில் காப்பிக் கோப்பைகள் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். தலைமை தாங்கி வந்தவர் கார்லோ கஸ்தீனி. ஒருகாலத்தில் தாயை இழந்து, போக்கிடமின்றி அழுது நின்றவரே அவர். மனைவி மக்களோடு தாய் வீட்டுக்கு வருவதுபோல் பழைய பிள்ளைகள் ஆண்டுதோறும் வரலாயினர்.

1888 ஜனவரி 31ஆம் நாள் தொன் போஸ்கோ இறைவனடி சேர்ந்தார். அந்தக் கடைசி நோயில் இரவும் பகலும் படுக்கையருகே இருந்து அவரைப் பராமரித்தவர், காலரா அநாதையாக வந்த அதே பியேத்ரோ என்ரியா! 1934ஆம் ஆண்டு பாஸ்குத் திருநாளன்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தொன் போஸ்கோவுக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அதற்கு முன்பே, 1906இல், அவருடைய மக்கள் நம் தஞ்சாவூருக்கு வந்து, அநாதைச் சிறுவர்களிடையே பணியைத் தொடங்கியிருந்தனர்.

அன்பர்களே, இன்று நம் நாட்டில் பதினெட்டு வயது நிறைந்ததும் பிள்ளைகள் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டியவர்களாகிறார்கள். நம் பங்கிலே தச்சர் உண்டு, மின்வேலை செய்வோர் உண்டு, தையற்கடை வைத்திருப்போர் உண்டு. ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தொழிலில் சேர்த்துக்கொள்ளலாகாதா? கிறிஸ்மஸ் அன்று நம் வீட்டுப் பந்தியில் ஓர் இலை கூடுதலாகப் போடலாகாதா? பங்கு இல்லத்தின் பின்னறையில் கட்டில் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறோம். இனி எந்த இரவில் யார் தட்டினாலும் கதவு திறக்கும். மற்றதை நீங்கள் செய்யுங்கள்.

புனித தொன் போஸ்கோ நமக்காக மன்றாடுவாராக. சகாய மாதாவின் ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.